பூ எங்கே வரும் என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்

குண்டுமல்லி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, மொட்டைக் காணோம். சுரைக்கொடி பந்தலை மூடிவிட்டது, அத்தனையும் ஆண்பூ. டிரம்மில் வைத்த கொய்யா எட்டடி போய்விட்டது, காய் இரண்டு, அதுவும் கைக்கு எட்டாத உச்சியில். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் இந்த மூன்றுக்கும் யாராவது ஒருவர் "கவாத்து பண்ணுங்க", அதாவது கிளையை வெட்டிவிடுங்கள் என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பதில் தப்பில்லை, பாதிதான். எந்த மாதம், எந்தக் கணுவுக்கு மேல், எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் செடி எந்தக் கிளையில் பூ எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. புதுத் துளிரில் பூக்கும் செடியை வெட்டினால் பூ கூடும். முற்றிய கிளை நுனியில் பூக்கும் செடியை அதே மாதத்தில் அதே மாதிரி வெட்டினால் அந்த வருடப் பூ குப்பைக்குப் போகும். இது புரிந்தால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

முதலில் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நுனிக்குருத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உண்டாகித் தண்டு வழியாகக் கீழே இறங்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழே உள்ள கணுக்குருத்துகள் தூங்கும், சத்தில் பெரும்பங்கு நுனிக்கே போகும். நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை விலகும். விலகினாலும் எல்லாக் கணுவும் விழிக்காது. வெட்டுக்கு அடுத்தாற்போல உள்ள இரண்டு மூன்று கணுக்கள்தான் முந்திக்கொள்ளும். அவை வளரத் தொடங்கியதும் அவையே புது நுனிகளாகி, கீழே உள்ளவற்றை மறுபடி அடக்கிவிடும். ஆகவே கிளை எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த உயரத்துக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஐந்தடியில் கிள்ளிவிட்டு அடியில் கிளைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இலை அடுக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மல்லி, கொய்யா இரண்டுக்கும் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். ஒரு வெட்டுக்கு இரண்டு போத்து (புதுக்கிளை) உறுதி. தக்காளி, சுரை, பாகல் ஆகியவற்றில் கணுவுக்கு ஓர் இலைதான், அங்கே ஒரு வெட்டுக்கு ஒரு போத்துதான் முன்னால் வரும்.

வளைத்துக் கட்டுவது இன்னொரு வழி. கிளையைத் தரைக்கு இணையாகச் சாய்த்தால் நுனியின் ஆதிக்கம் குறைந்து, கிளையின் மேல்பக்கத்தில் உள்ள கணுக்கள் வரிசையாகத் துளிர்க்கும். வெட்டினால் இரண்டு மூன்று கிளை கிடைக்கும் இடத்தில், வளைத்தால் ஏழெட்டு கிடைக்கலாம். இலையும் போகாது, காயமும் இல்லை. தொட்டிச் செடிக்கு இது பெரிய லாபம், ஏனென்றால் வெட்டிய பிறகு மறுபடி துளிர்க்கத் தேவையான மாவுச்சத்து வேரிலும் தண்டிலும்தான் சேர்ந்திருக்கிறது, தொட்டியில் வேர் கொஞ்சம்தான். நிலத்து மரத்துக்குச் செய்யும் கவாத்தை அப்படியே தொட்டிக்குக் கொண்டுவந்தால் செடி மாதக்கணக்கில் மொட்டையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். மல்லி மாதிரி சில செடிகள் தவிர, ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கத்தரியும் காயமும்

கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை கடையில் கிடைக்கும். இரண்டு தகடும் ஒன்றை ஒன்று உரசித் தாண்டிப் போவது ஒன்று. ஒரு கத்தி, கீழே தட்டையான அடிக்கட்டையில் வந்து அமர்வது இன்னொன்று. பச்சைக் கிளைக்கு முதல் வகைதான். இரண்டாவது பச்சைத் தண்டை நசுக்கும். நசுங்கிய திசு காயாது, அழுகும். காய்ந்த குச்சி நறுக்க அது போதும்.

வெட்டு கணுவுக்கு மேலே அரை செ.மீ. விட்டு, கணுவுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வழியும்படி சாய்வாக இருக்கட்டும். கணுவை ஒட்டி வெட்டினால் குருத்து காய்ந்துவிடும். இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் அந்த மொட்டைக் குச்சிக்கு உயிரோட்டம் இல்லாமல் மேலிருந்து கீழாகக் கருகிக்கொண்டே வரும். ரோஜாவில் நுனிக்கருகல் பெரும்பாலும் இப்படி விட்டுவைத்த குச்சியில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிச் செடிகளில் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை வழியாகக் கைக்கு வந்து, கிள்ளும் காயத்தின் வழியே செடிக்குள் போகும். வந்தால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிப்போடத்தான் வேண்டும்.

பென்சில் பருமனுக்குக் குறைந்த வெட்டுக்கு எதுவும் பூச வேண்டாம். அதற்கு மேல் என்றால் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரண்டையும் தனித்தனியாக அரை லிட்டரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கியபடியே ஊற்றுங்கள். துருவில்லாத இரும்பு ஆணியை உள்ளே விட்டு எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு ஆகாது. நாலு செடிக்கு இவ்வளவு வேலையா என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவிவிடலாம். ஈரச்சாணம் அப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காயம் காய வேண்டிய இடத்தில் ஈரத்தை வைத்துக் கட்டுவதாகத்தான் அது முடிகிறது.

மல்லி

குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நுனியில் மூன்று மொட்டாக வருவது வழக்கம், வளமான துளிரில் அதற்கு மேலும் வரும். பழைய தண்டில் நேராக மொட்டு வராது. எத்தனை புது நுனியோ அத்தனை கொத்து. ஆக மல்லிக் கவாத்தின் ஒரே வேலை நுனிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

தமிழ்நாட்டில் மல்லித் தோட்டங்களில் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டியது பிப்ரவரி பின்பாதி, மார்ச் வாக்கில் பூவுக்கு வரும். தொட்டிக்கும் மாதம் அதேதான். சென்னை, கடலூர், நாகை பக்கம் அந்த வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டிருக்காது. நாலு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடிக்கும் இடைவெளியில் வெட்டுங்கள். மழைக்கு நடுவே வெட்டியிருந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கரைத்துக் குச்சி நனையத் தெளித்துவிட வேண்டும்.

வெட்டுவதற்கு நாலைந்து நாள் முன்பு தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் தொங்கினால் போதும், மண் பாளமாக வெடிக்கும்வரை காயவிட வேண்டாம். செடி சற்று ஓய்ந்த பிறகு வெட்டினால் துளிர் ஒரே வாக்கில் வரும். பிறகு இந்த வரிசையில் போகலாம். காய்ந்தவை, நோய்ப்பட்டவை முதலில், அடியோடு. அடுத்து, உள்பக்கமாக ஓடி மற்றக் கிளையோடு உரசுபவை. கடைசியில் மிச்சம் இருப்பவற்றை 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல். ஐந்திலிருந்து ஏழு கெட்டியான தண்டு நின்றால் 15க்கு 15 அங்குலப் பைக்கு அது தாராளம். மிச்சமுள்ள இலைகளையும் உருவிவிடலாம், இலையோடு பழைய பூச்சி முட்டைகளும் போகும். நட்டு ஒரு வருடம் ஆகாத கன்றுக்கு இந்தப் பெரிய வெட்டு கூடாது, நுனி கிள்ளுவதோடு நிறுத்துங்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதே சமயத்தில் வேரையும் பார்த்துவிடுங்கள். பையைச் சாய்த்து வேர்ப்பந்தை உருவினால் ஓரத்தில் வேர் பாய் மாதிரி சுற்றியிருக்கும். சுற்றிலும் அடியிலும் இரண்டு விரல் கனத்துக்குச் சீவி எடுத்து, செம்மண் இரண்டு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு, மணல் அல்லது நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். வேர் சீவாத வருடத்தில் மேல்மண்ணை இரண்டங்குலம் கிளறி, மண்புழு உரம் இரண்டு கை, வேப்பம் பிண்ணாக்கு 50 கிராம் போட்டால் போதும். யூரியா பக்கம் போக வேண்டாம், தழை தள்ளும்.

வெட்டிய பிறகு தண்ணீரில்தான் நிறையப் பேர் செடியைக் கெடுக்கிறார்கள். இலை இல்லாத செடி தண்ணீரைக் குடிக்காது. பழைய அளவிலேயே தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும், துளிர் வரவில்லையே என்று இன்னும் ஊற்றத் தோன்றும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். துளிர் விரலளவு வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பலாம்.

அடுத்த வேலை ஜனவரியில். துளிர்கள் ஐந்தாறு ஜோடி இலை விட்டிருக்கும். மொட்டு தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பவற்றின் நுனியை மட்டும் நகத்தால் கிள்ளுங்கள். ஒன்று இரண்டாகும். பிப்ரவரிக்குப் பிறகு கிள்ள வேண்டாம், மொட்டையே கிள்ளி எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். பூ ஆரம்பித்த பின், ஒரு கொத்து முடிந்தவுடன் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு சேர்த்து நறுக்கிவிடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அந்த இடத்திலிருந்து இரண்டு துளிரும் இரண்டு கொத்தும் வரும். சீசன் முழுக்க இதைச் செய்தால் செப்டம்பர்வரை விட்டு விட்டுப் பூக்கும். செய்யாவிட்டால் மேயில் ஒரு தடவை கொட்டிவிட்டு நின்றுபோகும்.

கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியோடு, பற்றிக்கொள்ள ஏதாவது தேடுவதுபோல் சுற்றிக்கொண்டே ஓடும் மெலிந்த போத்து வருகிறதா? அதில் பூ வராது. மூன்று கணு விட்டு வெட்டுங்கள். அது ஒன்றிரண்டு என்றால் இயல்பு. செடி முழுக்க அப்படியென்றால் கவாத்தால் தீராது, வெயில் போதவில்லை. ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் படாத பால்கனியில் மல்லியை எப்படி வெட்டினாலும் கொடிதான் வரும்.

இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் தெரிந்தால் அது பூஞ்சணம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப் பேன். பூஞ்சணம் என்று நினைத்து வேறு மருந்து அடித்து மாதங்களை வீணாக்குகிறார்கள். அந்தப் பகுதியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலை வேளையில் தெளியுங்கள். கத்திரி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

முல்லையும் பிச்சியும் வீட்டில் கூடவே இருந்தால் மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு. முல்லையை நவம்பரில் மல்லியோடு சேர்த்து மொட்டையடித்தால், பூக்க வேண்டிய சமயத்தில் தழையோடு நிற்கும்.

பந்தல் காய்கள்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சுரை, பீர்க்கு, பாகல், புடலை எல்லாம் போட்டுவிட்டோம். நாற்பது நாளில் பூ தெரிகிறது, எல்லாம் ஆண்பூ. இதில் பயப்பட ஒன்றுமில்லை. இவை எல்லாவற்றிலும் முதலில் வருவது ஆண்பூதான். பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்பு மட்டும்.

சுரையில் முதன்மைக் கொடியில் ஆண்பூ அதிகம், பக்கக் கொடியில் பெண்பூ கூடும், பக்கக் கொடியின் பக்கக் கொடியில் இன்னும் கூடும். இணையத்தில் மூன்றாம் தலைமுறை வெட்டு என்று சுற்றுவது இந்தக் கணக்குதான். பாகலுக்கும் இது நன்றாக ஒத்துவரும். செய்முறை இப்படி:

40 லிட்டருக்குக் குறையாத பை, அதில் ஒரே செடி. இரண்டு விதை போட்டு, நன்றாக வருவதை விட்டு மற்றதை நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் வேர் அசையும். விதைத்த இடத்திலிருந்து பந்தல் வரை சணல் கயிறு. நைலான் வேண்டாம், வெயிலில் சூடேறும், வழுக்கும், காற்றில் தண்டை அறுக்கும். பந்தல் ஆறு, ஆறரை அடி. கொடி பந்தலைத் தொடும்வரை இலைக்கக்கத்தில் (இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில்) வரும் பக்கக் கொடி, பூ எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும். இலையைத் தொடக்கூடாது. பந்தலுக்கு அரையடி மேலே போனதும் நுனியைக் கிள்ளுங்கள். மேலே உள்ள நாலைந்து கணுவிலிருந்து பக்கக் கொடிகள் வரும், மூன்று அல்லது நாலை மட்டும் வைத்து ஆளுக்கொரு திசையில் பரத்துங்கள். ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு இலை விட்டதும் மறுபடி நுனி கிள்ளல். அதற்குப் பிறகு வருவதைக் கிள்ள வேண்டாம், காய் அதில்தான்.

எங்கே கோளாறு வரும் என்றால், முதல் இடம் பை. 15 லிட்டர் பையில் இந்த வேலையைச் செய்தால் பெண்பூ வரத்தான் வரும், ஆனால் பிஞ்செல்லாம் விரல் நீளத்தில் வெம்பி விழும். பூவைக் கூட்டிவிட்டோம், வேர் கூடவில்லையே. இரண்டாவது, மகரந்தம். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் விரியும், பாகலும் பூசணியும் விடிகாலையில். காலை ஒன்பது மணிக்குச் சுரைப்பூவைக் கையால் சேர்க்கப் போனால் வாடிய பூவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பொழுது சாயும்போது அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் மூன்று நாலு தடவை மெதுவாகத் தொட்டு எடுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும்.

பீர்க்கங்காய்க்கு இந்த வெட்டால் சுரை அளவு பலன் கிடையாது. அதில் ஆண்பூக் கொத்தும் பெண்பூவும் ஒரே இலைக்கக்கத்திலேயே வரும். பந்தலில் ஒரு தடவை நுனி கிள்ளிப் பரத்தினால் போதும். பெண்பூ மட்டுமே பூக்கும் வீரிய வெள்ளரி விதை வாங்கியிருந்தால் முதன்மைக் கொடியைத் தொடவே தொடாதீர்கள். அதன் காய் கணுவுக்குக் கணு அந்தத் தண்டில்தான் இருக்கிறது. விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது.

இலை கழிப்பது பற்றி ஒரு வார்த்தை. காய்க்குப் பக்கத்து இலைதான் அந்தக் காய்க்குச் சோறு போடுகிறது. "காய் தெரியட்டும்" என்று அதைப் பிய்த்துவிட்டால் காய் வளையும், ஒருபக்கம் சூம்பும். மஞ்சள் புள்ளி விழுந்த அடியிலைகள், மண்ணில் உரசும் இலைகள், பந்தலுக்கு அடியில் வெயிலே படாமல் வெளுத்தவை, இவைதான் போக வேண்டியவை. ஒரு வாரத்தில் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

கொய்யாவை வளைப்பது

கொய்யா புதுத் துளிரின் அடிக்கணுக்களில், இலைக்கக்கத்தில் பூக்கும். அது தெரிந்தால் வேலை எளிது: துளிர் எப்போது வேண்டுமோ அப்போது வரவழைக்கலாம். லக்னோவில் உள்ள மத்திய உபஉஷ்ணமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் இதை வைத்துத்தான் மரத்துக்கு மரம் ஒரு மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர் என்று நெருக்கி நட்டு, அடிக்கடி வெட்டிக் குட்டையாகவே வைத்துக் காய்க்கவிடும் முறையைக் கொண்டுவந்தது. டிரம்மில் வைக்கும் நமக்கு அது அப்படியே பொருந்தும்.

200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்து, அடியில் விரல் பருமனில் ஆறேழு துளை. கன்று வைத்து இரண்டு மூன்று மாதத்தில் 60 முதல் 70 செ.மீ. உயரத்தில் நறுக்குங்கள். வரும் போத்துகளில் வெவ்வேறு திசை பார்த்த நாலை விடுங்கள். ஒன்றுக்கொன்று கொஞ்சம் உயர வித்தியாசம் இருந்தால் நல்லது. நாலும் ஒரே கணுவில் கிளம்பினால் காய்ப்பாரத்தில் அந்த இடம் பிளக்கும். மூன்று நாலு மாதம் கழித்து அவற்றை நீளத்தில் பாதியாக வெட்டுங்கள். இப்போது செடிக்கு எலும்புக்கூடு வந்துவிட்டது.

வளைப்பு அதன் பிறகு. மேற்கு வங்கத்தில் இந்த முறை தோட்ட அளவிலேயே நடக்கிறது. விரல் பருமனில், மூன்றடிக்கு மேல் நேராக மேலே போகும் கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டால் கிளை இளக்கமாக இருக்கும், வெயில் ஏறிய பின் இன்னும் இளகும். கிளை தண்டோடு சேரும் மூட்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சாயுங்கள். ஒரே நாளில் படுக்கவைக்க வேண்டியதில்லை. இன்று பாதி, நாலு நாள் கழித்து மீதி. நுனியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி இலையை விட்டு, நடுவில் உள்ள இலை, சிறு கிளை, பழைய காய் எல்லாவற்றையும் கழித்துவிட்டு டிரம் விளிம்பில் துளை போட்டுக் கட்டுங்கள். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப் கீற்று அல்லது புடவைக் கரைத் துணி. கம்பி கட்டினால் மூன்றே மாதத்தில் பட்டைக்குள் புதைந்துவிடும். சுருக்கு முடிச்சு வேண்டாம், விரல் நுழையும் அளவுக்கு வளையமாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் மேல்பக்கக் கணுக்கள் வரிசையாகத் துளிர்க்கும், அந்தத் துளிரிலேயே மொட்டும் வரும். நுனி மேல்நோக்கி மறுபடி எழுந்துகொண்டே போனால் கட்டு தளர்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டுங்கள். ஆனால் நுனியைத் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டால் நுனிப்பக்கம் சோர்ந்துவிடும், அடிப்பக்கத்தில் நீர்ப்போத்து (காய்க்காமல் வேகமாக ஓடும் போத்து) ஒன்று நேராக எழும்பிச் சத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அப்படி எழுவதை இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளுங்கள். மூட்டில் கீறல் விழுந்துவிட்டால் கிளையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, கீறலைச் சேர்த்து வைத்து ஒட்டு கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றிவிடுங்கள். பட்டை பாதி ஒட்டியிருந்தாலும் கிளை பிழைத்துக்கொள்ளும்.

மே மாதம் இந்த வேலைக்கு ஏற்றதில்லை. இலை கழித்த கிளையின் மேல்பட்டை அக்னி நட்சத்திர வெயிலில் வெந்துவிடும். வேறு வழியில்லை, அப்போதுதான் செய்ய முடியும் என்றால் சுண்ணாம்புப் பாலைக் கிளையின் மேல்பக்கம் பூசிவிடுங்கள்.

முருங்கையை வளைக்க நினைக்காதீர்கள், ஒடியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இருந்து 1989ல் வந்த பி.கே.எம்.1 செடிமுருங்கைக்கு 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளுவதுதான் முறை. விதைத்து இரண்டு மாதம் வாக்கில் அந்த உயரம் வரும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக ஓடி ஆடிக்காற்றில் மாடிச் சுவர்மேல் சாயும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டினால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்ப்புக்கு வரும். தடித்த தண்டு என்பதால் இங்கே போர்டோ பசை அவசியம்.

மற்றவை, சுருக்கமாக

தக்காளியில் குட்டை ரகத்துக்குக் கிள்ளலே வேண்டாம். பக்கப் போத்தில்தான் அதன் பாதிக் காய். கொடியாக ஓடும் ரகத்துக்கும் செர்ரித் தக்காளிக்கும் மட்டும் இலைக்கக்கப் போத்தை இரண்டங்குலம் தாண்டும் முன் காலை வேளையில் ஒடித்து எடுங்கள். முதல் பூங்கொத்துக்கு நேர்கீழே உள்ள ஒரு போத்தை விட்டு இரண்டு தண்டாக ஏற்றுவது நம் வெயிலுக்கு ஏற்றது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இலையெல்லாம் உருவினால் காயின் தோள்பட்டை வெளுத்துத் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும்.

திராட்சையின் கணக்கு வேறு. போன பருவத்தில் வளர்ந்து பழுப்பேறிய கொடியின் கண்ணிலிருந்து (கணுக்குருத்திலிருந்து) வரும் துளிரில்தான் குலை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு நாலு கண், தாம்சன் விதையில்லாததற்கு ஐந்து கண் விட்டு வெட்டுவது வழக்கம். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மேயில் பழம். பச்சையாக இருக்கும் மெலிந்த கொடியில் கண் எண்ணி விட்டும் பயனில்லை, ஒன்றிரண்டு கண்ணோடு வெட்டி அடுத்த பருவத்துக்கு வளரவிடுங்கள்.

மாமரம் முற்றிய கிளை நுனியில் பூக்கும். அறுவடை முடிந்த கையோடு, ஜூலை, ஆகஸ்டுக்குள் கவாத்து முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் புதுத் துளிர் டிசம்பருக்குள் முற்றும். மழை விட்டதும் நவம்பரில் மல்லியோடு சேர்த்து மாவையும் வெட்டிவிட்டால் அந்த வருடம் மாம்பழம் சந்தையில்தான்.

ஒட்டுச்செடி எலுமிச்சையிலும் ரோஜாவிலும் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்தை எடுத்துவிட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ரோஜாவில் ஏழு இலையா, ஐந்து இலையா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அந்தக் கணக்கு பல சமயம் ஏமாற்றும். மண்ணை விரலால் விலக்கி, போத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே என்றால் அது வேர்ச்செடியின் போத்து. கத்தரியால் நறுக்கினால் அடியில் மிஞ்சும் கணுவிலிருந்து மூன்றாகத் திரும்ப வரும். கீழ்நோக்கி இழுத்து, அடிக்குதியோடு பிய்த்து எடுத்துவிட்டு மண்ணை மூடுங்கள்.